தோரின் சுத்தியலுக்குத் தகுதி கேட்டது யார்?

2019இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தின் இறுதிப் போரில் தோரின் சுத்தியல் தரையிலிருந்து எழுந்து கேப்டன் அமெரிக்காவின் கைக்குப் பறந்துபோகும். படம் பார்த்தவர்கள் எளிதில் மறக்காத இடம் அது. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில், ஒரு விருந்தின்போது வீரர்கள் ஒவ்வொருவராக அதே சுத்தியலைத் தூக்கிப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். கேப்டன் பிடித்து இழுத்தபோது மட்டும் அது இம்மியளவு அசைந்தது. தகுதியுள்ளவர் கையில்தான் அந்தச் சுத்தியல் எழும் என்ற விதி தெரிந்தால்தான் இரண்டு காட்சிகளும் முழுதாகப் புரியும்.

அந்த விதி பழங்காலத்தது அல்ல. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ஒரு மார்வெல் காமிக்ஸ் இதழில் பிறந்தது. ஸ்டான் லீ, அவருடைய தம்பி லாரி லீபர், ஓவியர் ஜாக் கிர்பி ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய கதை. டொனால்ட் பிளேக் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு கால் ஊனமானவர், நார்வேயில் ஒரு குகைக்குள் சிக்கிக்கொள்கிறார். அங்கே கிடைத்த தடியை ஓங்கி அடித்ததும் அது சுத்தியலாகிறது, அவர் தோர் ஆகிறார். தகுதி உடையவனாக இருந்தால் இதை ஏந்துபவனுக்குத் தோரின் ஆற்றல் கிடைக்கும் என்று அந்தச் சுத்தியலிலேயே பொறித்திருக்கிறது. ஹல்க்கைவிட பலசாலியான ஒருவனை எப்படிப் படைப்பது என்று யோசித்தபோது, அவன் மனிதனாக இருக்க வேண்டாம், கடவுளாக இருக்கட்டும் என்று தோன்றியதாக ஸ்டான் லீ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தோர் இடியின் கடவுளாக வரும் நார்ஸ் புராணத்தின், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தின், மூல நூல்களில் இந்தத் தகுதி நிபந்தனை எங்குமே கிடையாது. இது சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால், பழைய கதைகளுக்கும் சூப்பர் ஹீரோ கதைகளுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வேறுபாட்டுக்குப் போய்ச் சேரலாம். பழைய கதைகளில் ஆற்றல் என்பது உடைமை. விலை கொடுத்து வாங்கலாம், திருடலாம், தொலைக்கலாம். காமிக்ஸில் அது குணத்துக்குக் கிடைக்கும் அங்கீகாரம். அறிவின் கதையும் இதேபோலத் தலைகீழாக மாறியிருக்கிறது.

முதலில் மூல நூல்களைப் பற்றிக் கொஞ்சம். நார்ஸ் தெய்வங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட இரண்டு நூல்களிலிருந்து வருகிறது. ஒன்று, ‘கவிதை எட்டா’ என்று அழைக்கப்படும் பழம்பாடல்களின் தொகுப்பு. அதன் முதன்மையான கையெழுத்துப் பிரதி 1270களில் எழுதப்பட்டது. 45 தோல் ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன, இடையில் சில ஏடுகள் இல்லை. டென்மார்க் அரசரிடம் போய்ச் சேர்ந்திருந்த அந்தச் சுவடி 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. மற்றொன்று, கவிஞரும் அரசியல் தலைவருமான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய ‘உரைநடை எட்டா’. ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டு வாக்கிலேயே கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது. ஆக, பழைய சமயம் வழக்கொழிந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின், கிறிஸ்தவர்கள் கையால் எழுதப்பட்டவை இவை. ‘அசல் தோர்’ என்று நாம் சொல்வது இந்த ஏடுகளின் வழியே தெரியும் தோரைத்தான்.

கல்யாணக் கோலத்தில் தோர்

கவிதை எட்டாவில் ஒரு பாடல். தோர் காலையில் கண்விழிக்கிறான், சுத்தியலைக் காணோம். தாடியை உலுக்கிக்கொண்டு சுற்றிலும் தடவிப் பார்க்கிறான். திரிம் என்ற ராட்சதன் அதைத் திருடி, பூமிக்கடியில் எட்டுக் காத தூரத்தில் புதைத்துவைத்திருக்கிறான். பேரழகி ஃபிரேயாவை எனக்குக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். ஃபிரேயா கோபத்தில் விட்ட மூச்சில் அவள் கழுத்து மாலை தெறித்து விழுகிறது. தெய்வங்கள் கூடிப் பேசும்போது ஹெய்ம்டால் யோசனை சொல்கிறான்: தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு அனுப்புவோம். ஆண்மையற்றவன் என்று ஊர் சிரிக்குமே என்று தோர் மறுக்கிறான். சுத்தியல் வராவிட்டால் ராட்சதர்கள் தெய்வங்களின் ஊரான அஸ்கார்டில் குடியேறிவிடுவார்கள் என்று தந்திரக்காரன் லோகி அவன் வாயை அடைக்கிறான்.

முகத்திரை, இடுப்பில் சாவிக்கொத்து, மார்பில் ஆபரணம் என்று மணப்பெண் தோர் கிளம்புகிறான், லோகி தோழிப் பெண்ணாகக் கூடவே போகிறான். பந்தியில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் பெண்களுக்கென்று வைத்திருந்த பலகாரம் அத்தனையையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவைக் குடித்துத் தீர்க்கிறாள். மாப்பிள்ளை திகைக்கிறான். உங்களை மணக்கும் ஆவலில் எட்டு இரவாக ஒன்றுமே சாப்பிடவில்லை என்கிறான் தோழி வேடத்து லோகி. முத்தமிடத் திரையை விலக்கிய திரிம், கண்களில் தெறிக்கும் நெருப்பைப் பார்த்துப் பின்னால் தாவுகிறான். அதே ஆவலில் எட்டு இரவாகத் தூங்கவுமில்லை என்கிறான் லோகி. மகிழ்ந்துபோன திரிம், திருமணத்தைப் புனிதப்படுத்தச் சுத்தியலைக் கொண்டுவந்து மணமகளின் மடியில் வைக்கச் சொல்கிறான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் உயிரோடு மிஞ்சவில்லை.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இதில் சுத்தியல் யார் யார் கைக்கெல்லாம் போகிறது பாருங்கள். திருட வந்த ராட்சதன் தூக்கிப் போகிறான், புதைக்கிறான், கல்யாண வீட்டில் எடுத்துவரச் செய்கிறான். சுத்தியல் யாருடைய தகுதியையும் கேட்பதில்லை. தகுதிப் பரீட்சை இருந்திருந்தால் திருட்டு நடந்திருக்காது, கதையே இருந்திருக்காது. சுத்தியலை மீட்டதும் தோரின் வலிமை அல்ல. ஹெய்ம்டாலின் யோசனையும் லோகியின் சமயோசிதமும்தான் அதைத் தோரின் மடிக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

அந்தச் சுத்தியல் உருவான கதையும் இப்படித்தான். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி விளையாட்டுக்கு வெட்டிவிடுகிறான். தோருக்குப் பயந்து பொன்னால் கூந்தல் செய்துவாங்கக் குள்ளர்களிடம் போகிறான். போன இடத்தில் புரோக் என்ற குள்ளனிடம், உன் அண்ணனால் இதற்கு இணையான மூன்று பொருள்களைச் செய்ய முடியாது, என் தலையே பந்தயம் என்று வாய்விடுகிறான். அண்ணன் உலையில் இரும்பைப் போட்டுவிட்டு, துருத்தியை நிறுத்தாதே என்று புரோக்கிடம் சொல்லிப் போகிறான். லோகி ஈயாக மாறி வந்து புரோக்கின் இமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணை மறைக்க, அதைத் துடைக்கும் ஒரு நொடி துருத்தி நிற்கிறது. அதனால்தான் மியோல்னிர் என்ற அந்தச் சுத்தியலின் கைப்பிடி குட்டையாகப் போனது. உலகின் மிகச் சிறந்த ஆயுதத்திலும் ஒரு தயாரிப்புக் குறை இருக்கிறது, அந்தக் குறைக்கு ஓர் ஈ காரணம். படத்தில் இதே சுத்தியல், மடிந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனின் மையத்தில் வார்த்ததாகச் சொல்லப்படுகிறது. கம்பீரமான கற்பனைதான். ஆனாலும் கொல்லன் பட்டறையின் வியர்வையும் கண்ணில் வழியும் ரத்தமும் எனக்கு அதைவிட உயிருள்ளவையாகத் தெரிகின்றன.

எவ்வளவு வேகமாக அடித்தாலும் உடையாது, எறிந்தால் குறி தவறாது, கைக்கே திரும்பி வரும், வேண்டுமானால் சட்டைக்குள் மறைக்குமளவு சிறிதாகும். ஸ்னோரி சொல்லும் பண்புகள் இவைதான். இதில் பறப்பது இல்லை. காமிக்ஸ் தோர் சுத்தியலை வீசி அதன் வாரைப் பிடித்துக்கொண்டு பறப்பான். எட்டாவின் தோர் இரண்டு ஆட்டுக்கடாக்கள் பூட்டிய தேரில் போவான். வழியில் பசித்தால் அந்த ஆடுகளையே அறுத்துச் சமைப்பான். எலும்பை உடைக்காமல் தோலின்மேல் போட்டுவைத்தால், காலையில் சுத்தியலை உயர்த்தி அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுப்பான். ஒருமுறை தங்கிய வீட்டுப் பையன் தியால்ஃபி மஜ்ஞைக்கு ஆசைப்பட்டுத் தொடையெலும்பைக் கீறிவிட, காலையில் ஓர் ஆடு நொண்டுகிறது. தோரின் கோபத்துக்கு ஈடாக அந்தப் பையனும் அவன் தங்கையும் அவனுக்கு வேலையாட்களாகப் போக வேண்டியதாயிற்று.

தோரின் உடல் வலிமையில்கூட ஒரு பகுதி வெளியிலிருந்து வருவது. அவனிடம் ஒரு இடுப்புக் கச்சை உண்டு, கட்டினால் பலம் இரட்டிப்பாகும். சுத்தியலைப் பிடிக்க இரும்புக் கையுறைகள் வேண்டும். காயம் பட்டால் சூப்பர் ஹீரோவைப்போல மறுநாளே ஆறிவிடுவதுமில்லை. ஹ்ருங்னிர் என்ற ராட்சதனுடன் நடந்த சண்டையில் பறந்து வந்த சாணைக்கல்லின் துண்டு தோரின் மண்டையில் செருகிக்கொண்டது. அதை எடுக்க மந்திரம் ஓதிய பெண்ணிடம், உன் கணவன் சீக்கிரம் வீடு திரும்புவான் என்று தோர் நல்ல செய்தி சொல்ல, மகிழ்ச்சியில் அவள் மந்திரத்தை மறந்துவிடுகிறாள். கல் அங்கேயே தங்கிவிட்டது. அதே சண்டையில் செத்து விழுந்த ஹ்ருங்னிரின் கால் தோரின் கழுத்துமேல் கிடக்கிறது. தெய்வங்கள் அத்தனை பேரும் வந்து தூக்கிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் தோரின் சின்னஞ்சிறு மகன் மாக்னி வந்து தூக்கிப் போடுகிறான். பலரும் முயன்று தோற்றதை ஒருவன் தூக்கும் காட்சி பழைய கதைகளில் இருக்கிறது என்றால் அது இதுதான். அங்கே அளக்கப்பட்டது வெறும் பலம். மனத்தூய்மையை யாரும் சோதிக்கவில்லை.

வலிமை தோற்கும் இடம்

ஸ்னோரி சொன்ன கதைகளிலேயே மிக நுட்பமானது என்று நான் நினைப்பது, உத்கார்த் கோட்டைக்குத் தோர் போன பயணம். தோர், லோகி, தியால்ஃபி மூவரும் அங்கே விருந்தாளிகள். கோட்டைத் தலைவன் பெயர் உத்கார்தா-லோகி, நமக்குத் தெரிந்த லோகி வேறு, இவன் வேறு. ஏதாவது திறமை இருந்தால்தான் இங்கே தங்கலாம் என்கிறான்.

லோகி, யாரைவிடவும் வேகமாகச் சாப்பிடுவேன் என்கிறான். லோகி எலும்பை விட்டுக் கறி முழுவதையும் தின்கிறான், எதிராளி லோகியோ கறி, எலும்பு, தொட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறான். இந்த எதிராளியின் பெயர் நம் லோகியின் பெயர்போலவே ஒலித்தாலும் ஆள் வேறு. அடுத்து தியால்ஃபி ஓடுகிறான், ஹூகி என்ற சிறுவனிடம் மூன்று முறையும் தோற்கிறான். தோருக்கு ஒரு கொம்பில் மது தருகிறார்கள். மூன்று முறை மூச்சுமுட்டக் குடித்தும் மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. சரி, என் பூனையைத் தூக்கு என்கிறார்கள். முதுகு வில்லாய் வளைகிறதே தவிர, ஒரு பாதம் மட்டும்தான் தரையைவிட்டு எழுகிறது. கடைசியில் எல்லி என்ற கிழவியோடு மல்லுக்கட்டச் சொல்கிறார்கள். தோர் ஒரு முழங்காலில் விழுகிறான்.

மறுநாள் வழியனுப்பும்போது உத்கார்தா-லோகி உண்மையைச் சொல்கிறான். சாப்பாட்டில் வென்றது நெருப்பு. ஓட்டத்தில் வென்றது என் எண்ணம். கொம்பின் நுனி கடலில் இருந்தது, நீ குடித்ததில் கடலே உள்வாங்கியிருக்கிறது. பூனை என்று நீ தூக்கியது உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு யோர்முன்காந்தை. உன்னை முழங்காலில் விழவைத்தது முதுமை, அதை வென்றவர் யாருமில்லை. தோர் சுத்தியலை ஓங்குகிறான். ஆளும் இல்லை, கோட்டையும் இல்லை, வெறும் சமவெளி.

தோரின் பலம் இங்கே குறைத்துக் காட்டப்படவில்லை. கடல்மட்டத்தையே குறைத்த வாய், உலகப்பாம்பையே அசைத்த கை என்று அவன் பலத்தை இதைவிட உயர்த்திச் சொல்லும் கதை இல்லை. ஆனாலும் அந்தப் பலம் எதற்கு எதிராக இறங்குகிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எண்ணத்தை எந்தக் காலும் முந்த முடியாது என்பதைத் தியால்ஃபியின் ஓட்டத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள். படங்களில் லோகி காட்டும் மாயத்தோற்ற வித்தைகள் எட்டாவில் உத்கார்தா-லோகிக்கே அதிகம் பொருந்தும்.

இதை வைத்துத் தோர் மந்தபுத்திக்காரன் என்று முடிவுகட்டக் கூடாது. தோர் ஊரில் இல்லாத நேரத்தில் அவன் மகளை மணம்பேசி முடித்துவிட்டு, ஆல்விஸ் என்ற குள்ளன் பெண்ணை அழைத்துப்போக வருகிறான். எல்லாம் அறிந்தவன் என்று பேரெடுத்தவன். தோர் சண்டை போடவில்லை. கேள்வி கேட்கிறான். பூமியை மனிதர் என்ன பெயரால் அழைப்பார்கள், தெய்வங்கள் என்ன சொல்வார்கள், ராட்சதர் என்ன சொல்வார்கள்? வானம், நிலா, சூரியன், மேகம், காற்று, கடல், நெருப்பு என்று பதின்மூன்று கேள்விகள். குள்ளன் சளைக்காமல் பதில் சொல்கிறான். கடைசியில் தோர், இவ்வளவு அறிவை ஒரே நெஞ்சில் நான் பார்த்ததில்லை, ஆனால் நீ ஏமாந்துவிட்டாய், பொழுது விடிந்துவிட்டது என்கிறான். சூரிய ஒளி பட்டால் அந்தக் குள்ளன் அவ்வளவுதான். அறிவுச் செருக்கையே கண்ணியாக வைத்துப் பிடித்தவன் தோர். ஒரு சுத்தியல் அடிகூட இல்லை.

இந்தத் தோரைத் திரையில் நான் இன்னும் பார்க்கவில்லை. சூப்பர் ஹீரோ குழு என்று வந்துவிட்டால் வேலைப்பிரிவினை வந்துவிடுகிறது. மூளை டோனி ஸ்டார்க்குக்கும் புரூஸ் பேனருக்கும், தசை தோருக்கு. பூமியின் நடைமுறை தெரியாமல் காபிக் கோப்பையைத் தரையில் அடித்து உடைப்பவனாக 2011ஆம் ஆண்டுப் படம் அவனை அறிமுகம் செய்தது. அந்தப் படத்தின் நோக்கம் வேறு. செருக்குப் பிடித்த இளவரசன் பணிவு கற்று, சுத்தியலைத் திரும்பப் பெறுவதே அதன் கதை. எட்டாவின் தோர் முதலிலிருந்து கடைசிவரை மாறாதவன். அவனிடம் யாரும் பணிவை எதிர்பார்க்கவில்லை. மழையையும் பாதுகாப்பையும்தான் எதிர்பார்த்தார்கள். சுவீடனின் உப்சாலாக் கோயிலைப் பற்றி 1070களில் எழுதிய பிரெமன் நகரத்து ஆடம் என்ற பாதிரியார், நடுவில் வீற்றிருப்பவர் தோர் என்றும், இடி மின்னல், காற்று, மழை, விளைச்சல் எல்லாம் அவர் கையில் என்றும் குறிக்கிறார். டென்மார்க்கின் லாலண்ட் தீவில் 2014இல் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுச் சுத்தியல் பதக்கத்தில் ‘இது சுத்தியல்’ என்று பழைய நார்ஸ் எழுத்தான ரூனில் பொறித்திருக்கிறது. சாதாரண மக்கள் கழுத்தில் அணிந்த காப்பு அது. சிலுவைகளையும் தோர் சுத்தியலையும் ஒரே கல் அச்சில் வார்த்த கைவினைஞன் ஒருவனும் டென்மார்க்கில் இருந்திருக்கிறான். அந்த அச்சு இன்று கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்ணை விற்று வாங்கிய அறிவு

அறிவுக்கென்று எட்டாவில் ஒரு தெய்வம் உண்டு, ஒடின். படங்களில் ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்த அந்த ஒற்றைக்கண் அரசர். படத்தில் உறைபனி ராட்சதர்களோடு நடந்த போரில் அவர் கண்ணை இழக்கிறார். அதாவது அது ஒரு வீரனின் தழும்பு. எட்டாவில் ஒடின் மிமிரின் கிணற்றுக்குப் போய், ஒரு வாய் தண்ணீருக்காகத் தன் கண்ணை அடகுவைக்கிறான். அந்தக் கிணற்றில் இருப்பது அறிவு. கண் இன்னும் கிணற்றடியில்தான் கிடக்கிறது.

கண்ணோடு நிற்கவில்லை. ரூன்களின் ரகசியத்தை அறிய, ஈட்டியால் குத்தப்பட்டு, காற்றடிக்கும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்குகிறான், ரொட்டியும் இல்லை, குடிக்கவும் ஒன்றும் இல்லை. தன்னையே தனக்குக் காணிக்கையாக்கிக்கொண்டதாக அவனே சொல்வதாகப் பாடல் இருக்கிறது. அதன் தொடர்ச்சியில் அவன் கற்ற பதினெட்டு மந்திரங்களின் பட்டியல் வருகிறது. எதிரியின் வாளை மழுங்கடிப்பது, கைவிலங்கைத் தெறிக்கவைப்பது, எரியும் வீட்டில் தீயை அடக்குவது, கடற்காற்றைத் தணிப்பது, தூக்கில் தொங்கும் பிணத்தைப் பேசவைப்பது. சூப்பர் ஹீரோவின் சக்திப் பட்டியல் என்று சொல்லத் தக்கது நார்ஸ் இலக்கியத்தில் இருக்கிறது என்றால் அது இந்தப் பாடலில்தான் இருக்கிறது. ஆனால் பிறவியில் வந்தது அதில் ஒன்றுகூட இல்லை. காமிக்ஸில் ஒடினுக்கு ‘ஒடின்ஃபோர்ஸ்’ என்ற பேராற்றல் உண்டு. அதை மறுபடி நிரப்பிக்கொள்ள அவ்வப்போது நீண்ட உறக்கத்தில் ஆழ்வார், பேட்டரியைச் சார்ஜில் போடுவதுபோல. எட்டாவின் ஒடின் தூங்கவே பயப்படுகிறவன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்ணம், நினைவு என்று பொருள்படும் ஹூகின், மூனின் என்ற இரண்டு காக்கைகளைத் தினமும் உலகெங்கும் அனுப்புகிறான். ஹூகின் திரும்பாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன், மூனினைப் பற்றி அதைவிடவும் அஞ்சுகிறேன் என்று சொல்கிறான். எண்ணமும் நினைவும் கைவிட்டுப் போகுமோ என்று கவலைப்படும் ஒரு கடவுள். அவனோடு ஒப்பிட்டால் திரையில் வரும் பேரரசர் மிகவும் தட்டையானவர்.

ஹெய்ம்டாலைப் பொறுத்தவரை மார்வெல் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பறவையைவிடக் குறைவாகத் தூங்குபவன், இரவிலும் பகலிலும் நூறு காதம் பார்ப்பவன், நிலத்தில் புல் முளைப்பதையும் ஆட்டின் உடலில் கம்பளி வளர்வதையும் காதால் கேட்பவன் என்கிறார் ஸ்னோரி. ஹெலா கதை நேர்மாறு. 2017ஆம் ஆண்டுப் படத்தில் அவள் ஒடினின் மூத்த மகள், சுத்தியலை ஒற்றைக் கையால் நொறுக்குபவள். எட்டாவில் ஹெல் லோகியின் மகள், பாதி உடல் கருநீலம், பாதி மனித நிறம். நோயிலும் முதுமையிலும் செத்தவர்களுக்கு இடம் கொடுப்பது அவள் வேலை. அவள் தட்டின் பெயர் பசி, கத்தியின் பெயர் பஞ்சம்.

லோகியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். படங்களில் அவன் ஒடினின் வளர்ப்பு மகன், தோரின் தம்பி, லாஃபே என்ற ராட்சத அரசனுக்குப் பிறந்தவன். எட்டாவில் லாஃபே அவனுடைய தாய். தோருக்கு அவன் தம்பியும் அல்ல. ஒடினும் லோகியும் முற்காலத்தில் ரத்தத்தைக் கலந்து சகோதரர் ஆனவர்கள் என்று ஒரு பாடலில் லோகியே நினைவூட்டுகிறான். இந்த உறவை மாற்றியது காமிக்ஸின் மிகப் புத்திசாலித்தனமான முடிவு என்பேன். அண்ணன் தம்பிப் பொறாமை என்பது எந்த ஊர் வாசகருக்கும் உடனே புரியும், அறுபது ஆண்டு கதை ஓட்ட அது போதும். ஆனால் அதற்கு ஈடாக இழந்தது லோகியின் விசித்திரத்தை. அஸ்கார்டுக்கு மதில் கட்ட வந்த ஒருவன், வேலை குறித்த நாளில் முடிந்தால் ஃபிரேயாவும் சூரியனும் சந்திரனும் கூலி என்று பேசுகிறான். அவனுடைய ஆண்குதிரையின் உதவியால் வேலை முடிந்துவிடும்போலிருக்க, லோகி பெண்குதிரையாக மாறி அதைக் காட்டுக்குள் இழுத்துப்போகிறான். கொஞ்ச காலம் கழித்து எட்டுக் கால் குட்டியோடு திரும்புகிறான். அதுதான் ஒடினின் குதிரை ஸ்லெய்ப்னிர். 2011ஆம் ஆண்டுப் படத்தில் ஒடின் அந்த எட்டுக்கால் குதிரையில்தான் வந்து இறங்குவார். அதன் தாய் யார் என்பதைப் படம் சொல்வதில்லை.

லோகியின் அறிவு, தானே உண்டாக்கிய சிக்கலிலிருந்து தானே வெளியேறும் அறிவு. சுத்தியல் பந்தயத்தில் தோற்று, குள்ளன் தலையைக் கேட்டபோது, தலை உனக்கு, கழுத்து எனக்கு, கழுத்தைத் தொடாமல் எடுத்துக்கொள் என்றான். குள்ளன் பதிலுக்கு அவன் வாயைத் தைத்துவிட்டான். டென்மார்க்கின் ஸ்னாப்டுன் கடற்கரையில் 1950இல் கிடைத்த உலைக்கல் ஒன்றில், மீசை வைத்த ஒரு முகமும் உதடுகளுக்குக் குறுக்கே தழும்புகளும் செதுக்கியிருக்கின்றன. அது லோகிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. பட்டறையில் துருத்தியின் மூக்கு நுழையும் துளை அந்த முகத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

தெரிந்தும் தடுக்க முடியாதது

தெய்வங்கள் அழியும் இறுதிப் போரான ராக்னரோக்கில் என்ன நடக்கும் என்று ஒடினுக்கு முன்கூட்டியே தெரியும். குறிசொல்லும் பெண் அவனிடம் எல்லாவற்றையும் விவரித்துவிட்டாள். ஃபென்ரிர் ஓநாய் அவனை விழுங்கும். தோர் உலகப்பாம்பைக் கொன்று, ஒன்பது அடி நடந்து, அதன் விஷத்தால் சாய்வான். ஹெய்ம்டாலும் லோகியும் ஒருவரையொருவர் கொல்வார்கள். கண்ணைக் கொடுத்து, மரத்தில் தொங்கி, காக்கைகளை அனுப்பிச் சேர்த்த அறிவு அத்தனையும் இதில் ஒரு வரியையும் மாற்றவில்லை. முன்னேற்பாடுகள் உண்டு. பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த நாடாவால் ஃபென்ரிரைக் கட்டுகிறார்கள். ஏமாற்ற மாட்டோம் என்பதற்குப் பிணையாக அதன் வாயில் கைவைத்த டூர் என்ற தெய்வம் அந்தக் கையை இழக்கிறான். ஓநாய் கட்டுப்பட்டது என்னவோ உண்மை, ஆனால் கடைசி நாள்வரை மட்டும்தான்.

சூப்பர் ஹீரோ உலகில் அறிவின் பயனே இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ஆபத்து தெரிந்துவிட்டால் தடுத்துவிடலாம், தடுக்க முடியாவிட்டால் காலத்தில் பின்னோக்கிப் போய் மாற்றிவிடலாம். 2017ஆம் ஆண்டுப் படத்தில் தோர் ராக்னரோக்கையே ஒரு உத்தியாகப் பயன்படுத்துகிறான். நெருப்பு ராட்சதன் சுர்துர் அஸ்கார்டை எரிக்கட்டும், மக்களைக் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று. மாதந்தோறும் வெளிவரும் தொடர்கதைக்கு இது தவிர்க்க முடியாத தேவையும்கூட. கதாநாயகன் ஒன்பதாவது அடியில் உண்மையாகவே செத்துவிட்டால் அடுத்த இதழ் ஏது? 1983இல் குதிரைமுகம் கொண்ட வேற்றுக்கிரக வீரன் பீட்டா ரே பில்லும், 2014இல் தோரின் முன்னாள் காதலி ஜேன் ஃபாஸ்டரும் சுத்தியலை ஏந்தி தோரின் ஆற்றலைப் பெற்றதற்கு இடம் கொடுத்தது 1962இல் எழுதிய அந்த ஒற்றை நிபந்தனைதான். தகுதி என்பதைத் திறவுகோல் ஆக்கியதால் ஒரு தெய்வத்தின் ஆற்றல் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றாயிற்று. மக்களாட்சிக் காலத்து வாசகர்களுக்கு ஏற்ற மாற்றம் அது, நல்ல மாற்றமும்கூட. பழைய கதைகளின்மேல் எனக்குள்ள பற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்படி மாற்றி எழுதுவது மார்வெல் தொடங்கிவைத்த வழக்கமும் அல்ல. 2011ஆம் ஆண்டுப் படத்தில் தோர், உங்கள் முன்னோர் மந்திரம் என்றதும் நீங்கள் அறிவியல் என்பதும் எங்கள் ஊரில் ஒன்றே என்று விளக்குவான். கடவுள் என்ற சொல்லைத் தவிர்த்து, நெடுநாள் வாழும் வேற்றுலகத்தார் என்று காட்ட அந்தப் படத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஸ்னோரியின் எட்டாவுக்கும் அதே தேவை இருந்தது. கிறிஸ்தவ நாட்டில் பழைய தெய்வங்களைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் தெய்வம் என்று ஒத்துக்கொள்ள முடியாது. ஆகவே அதன் முன்னுரை அவர்களை ஆசியாவிலிருந்து வந்த மனிதர்கள் ஆக்குகிறது. டிராய் நகரத்து அரசன் பிரியாமின் மகளுக்குப் பிறந்தவன் தோர், திரேஸ் நாட்டில் வளர்ந்தான் என்கிறது. அவன் பலத்துக்கு ஓர் அளவும் தருகிறது. 1980களில் மார்வெல் வெளியிட்ட கதாபாத்திரக் கையேடு, தோர் 100 டன்னுக்கு மேல் தூக்குவான் என்று கணக்குச் சொன்னது. எட்டாவின் முன்னுரை சொல்லும் கணக்கு: பன்னிரண்டு வயதில் அவன் முழுப் பலத்தை அடைந்தான், அப்போது பத்துக் கரடித்தோல்களை ஒரே நேரத்தில் தரையிலிருந்து தூக்கினான்.